மூன்றாம் ஸ்டோக்ஸ் பூஜ்யத்துக்கு வரவில்லை: 10.7 கிகாஹெர்ட்ஸ் ரேடியோமீட்டர்

பெங்களூரு ஆய்வகத்தில் நாங்களே கட்டிய போலரிமெட்ரிக் ரேடியோமீட்டர் இது; பொருள்கள் தாமாக வெளியிடும் மைக்ரோவேவ் கதிர்வீச்சையும் அதன் துருவமுறலையும் கெல்வினில் அளக்கும் கருவி. ஹார்ன் ஆன்டெனா, அதன் பின்னால் செங்குத்து, கிடைமட்டத் துருவங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஆர்த்தோமோடு டிரான்ஸ்டியூசர், ஒரே லோக்கல் ஆசிலேட்டரில் ஓடும் இரண்டு சேனல்கள், அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் கணக்கிடும் டிஜிட்டல் கோரிலேட்டர். மார்ச் முதல் இதே சிக்கல்.

மூன்றாம் ஸ்டோக்ஸ் என்பது +45, -45 டிகிரித் துருவங்களுக்கு இடையிலான வித்தியாசம். துருவமுறாத கதிர்வீச்சைத் தரும் உறிஞ்சியை ஆன்டெனாவுக்குக் காட்டினால் அது பூஜ்யமாக வேண்டும். ஆனால் 295 கெல்வின் உறிஞ்சிக்கு 1.5 கெல்வின் வருகிறது, திரவ நைட்ரஜனில் நனைத்ததற்கு 0.4. கடல் காற்றின் திசையைச் சொல்லும் சமிக்ஞையே சில கெல்வின்தான், அதனால் இதை விட்டுவிட முடியாது.

கேபிள்களை இடம் மாற்றினோம். நைட்ரஜன் பரப்பின் எதிரொளிப்பா என்று பார்க்க உறிஞ்சியைச் சாய்த்து வைத்தோம். ரிசீவரின் வெப்பநிலையை 0.1 கெல்வினுக்குள் நிறுத்தினோம். இந்த உயரத்தில் நைட்ரஜன் 77.4-ஐவிட ஏறக்குறைய ஒரு கெல்வின் கீழே கொதிப்பதையும் கணக்கில் சேர்த்தாயிற்று. எதுவும் மாறவில்லை.

பிழை இலக்கின் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. இரண்டு சேனல்களிலும் பொதுவாக நுழையும் ரிசீவர் இரைச்சலாக இருந்தால் மாறாமல் நிற்குமே? அதனால் டிரான்ஸ்டியூசர் கசிவு, அதாவது ஒரு துருவம் மற்றதன் சேனலுக்குள் கசிவது, என்றே நினைக்கிறேன். அப்புறம், தெரிந்த கோணத்தில் துருவமுற்ற சமிக்ஞையைத் தரும் கம்பி வலையை ஹார்னின் முன் வைத்துச் சுழற்றினோம். சைன் வளைவு சரியாகவே வந்தது, ஆனால் பூஜ்யத்தைக் கடக்கும் இடம் 0.8 டிகிரி தள்ளியிருக்கிறது. அந்த 1.5 கெல்வின் இவ்வளவு தள்ளாது. வலையின் கோணப்பிழை, ஹார்னின் சுழற்சிப்பிழை, கசிவு மூன்றுமே வளைவை இப்படித் தள்ளக்கூடியவை.

எங்களிடம் எதிரொலியற்ற அறை (சுவர்கள் ரேடியோ அலைகளைத் திருப்பாமல் உறிஞ்சிவிடும் அறை) கிடையாது. அது இல்லாமல், கோணப்பிழையிலிருந்து டிரான்ஸ்டியூசர் கசிவைத் தனியாகப் பிரித்து அளக்க என்ன வழி?