புதுப்பிப்பு: பம்பைமடுவில் சூழல் விஞ்ஞானம், முதல் வருசம் முடிந்தது

போன வருசம் இங்கே கேட்டிருந்தேன்: மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை, பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சூழல் விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது, போகவா, இன்னொரு தரம் ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) எழுதவா என்று. பாதிப் பேர் "மரம் நடவா படிக்கப் போறாய்?" என்று பகிடி விட்டீர்கள். சரி, போனேன். (இது இப்போது யாழ் பல்கலைக்கழக வளாகம் இல்லை, 2021இலேயே தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது.)

மரம் நட்டது ஒரே ஒரு நாள். மிச்சமெல்லாம் இரசாயனம், புள்ளிவிபரம், மண், நீர். விரிவுரைகள் ஆங்கிலத்தில். முதல் மூன்று மாதம் அதுதான் ஆளைக் கொன்றது.

பிடித்ததைச் சொல்கிறேன். நீரின் வன்மை, அதாவது அதில் எவ்வளவு கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கிறது என்று பார்க்கும் செய்முறைக்கு அம்மம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோடாப் போத்தலில் கொண்டுபோனேன். காட்டி (நிறம் மாறிக் காட்டும் சாயம்) இரண்டு துளி விட்டதும் தண்ணீர் வைன் சிவப்பு. அளவியிலிருந்து (அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்) ஈ.டி.டி.ஏ. என்ற, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இரசாயனம் சொட்டச் சொட்ட அது நீலமாக வேண்டும். மற்றவர்களுடையது மாறிவிட்டது. எனக்கு அளவியை இரண்டாம் தரமும் நிரப்ப வேண்டி வந்தது. அவ்வளவு கல்சியம், மக்னீசியம்! கேத்தலுக்குள் செதில் செதிலாக உரியும் வெள்ளைப் படிவும் இதன் வேலைதான்: கொதிக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று உடைந்து கல்சியம் காபனேற்றாகப் படிகிறது.

அம்மம்மாவிடம் பெருமையாக விளக்கினேன். "அதைத்தானே நான் இவ்வளவு காலமும் புளி போட்டுக் கழுவுறன்" என்றார். அமிலம் காபனேற்றைக் கரைக்கும். மனுசிக்குச் செய்முறை ஏற்கெனவே பாஸ்.

வேலை கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு: இன்னும் மூன்று வருசம் கிடக்கு.