ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவது) சரியாவதற்கு எந்த மாதிரி கோல்ஃப் கோச்சைத் தேடுவது?

காலைக்காற்று:
வணக்கம். வலது கை ஆட்டம், சென்னை நந்தனத்தில் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் திடலில்) பழகுகிறேன். டிரைவரில் (தூர அடிக்கான நீளமான கிளப், அதாவது மட்டை) பந்து நேராகத்தான் கிளம்புகிறது; பாதி தூரத்தில் வலப்பக்கம் வளைந்து ஓடிவிடுகிறது. 7 அயர்னில் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) அந்த வளைவு அவ்வளவாக இல்லை, ஆனால் பத்துக்கு நாலு முறை கிளப் பந்துக்குப் பின்னால் பாயில் இடிக்கிறது. ஸ்விங்கைச் சரிசெய்ய கோச் தேடுகிறேன். ஒருவர் 10 வகுப்புக்கும் மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார். இன்னொருவர் கிளப்பும் பந்தும் போகும் விதத்தை அளக்கும் ரேடார் மெஷின் வைத்திருக்கிறார். மூன்றாமவர் பிரமாதமாக ஆடுபவர், மெஷின் கிடையாது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஏழாம்அயர்ன்:
மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைகிறதே, ஏன்?" பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

"தலையைத் தூக்கிட்டீங்க" என்று வந்தால் அடுத்தவரிடம் போங்கள். விஷயம் தெரிந்தவர் கிளப்பின் முகத்தையும் அது வரும் பாதையையும் தனித்தனியாகப் பேசுவார். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது. டிரைவரில் ஏறக்குறைய 85 சதவீதம், அயர்னில் 75. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவைத் தருகிறது. உங்கள் பந்து நேராகக் கிளம்புகிறது என்றால், மோதும் நொடியில் முகம் கிட்டத்தட்ட இலக்கைப் பார்க்கிறது. பாதைதான் வெளியிலிருந்து உள்ளே, இடப்பக்கமாக வெட்டுகிறது. இது தெரியாமல் கிரிப்பை (கை பிடிக்கும் விதத்தை) மட்டும் திருப்பிவிட்டால் வளைவு குறையும், ஆனால் பந்து இடப்பக்கமாகவே கிளம்பத் தொடங்கும். பிறகு அதற்கு ஒரு வைத்தியம். அயர்னில் வளைவு குறைவாகத் தெரிவது லாஃப்டால் (முகத்தின் சாய்வால்): பின்சுழற்சி அதிகம் என்பதால் அதே கோளாறு அடங்கித் தெரிகிறது.

இன்னொரு சாத்தியத்தையும் பார்த்துவிடுங்கள். வொயிட்போர்டு மார்க்கரால் பந்தில் ஒரு பொட்டு வைத்து, அது கிளப்பைப் பார்த்திருக்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளையில்) வைத்து அடியுங்கள். டிரைவர் முகத்தில் மை ஒட்டிக்கொள்ளும். ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) சேரும் பக்கமாக, ஹீலில் ஒட்டியிருந்தால், பாதை சரியாக இருந்தாலும் பந்து வலப்பக்கம் வளையும். 5 பந்து போதும். இந்தச் சோதனையைத் தானாகவே செய்கிற கோச் கிடைத்தால் விடாதீர்கள்.

பச்சைப்பாய்:
மேலே சொன்னது அருமை. முதல் வகுப்பில் கவனிக்க வேண்டியதைச் சேர்க்கிறேன்.

கிளப்பைத் தொடுமுன் இடுப்பு வலி, மணிக்கட்டு வலி உண்டா, வாரத்தில் எத்தனை நாள் பழக முடியும் என்று கேட்க வேண்டும். பிறகு 8, 10 பந்து அடிக்கவிட்டு வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். முதல் அடியிலேயே திருத்தத் தொடங்குகிறவர் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து கிரிப், நிற்கும் நிலை, பந்து வைக்கும் இடம். தரையில் ஒரு குச்சியைப் போட்டுத் தோள் எங்கே பார்க்கிறது என்று காட்டுவார். டிரைவரில் பந்தை முன்னால் வைக்கும்போது தோள் இடப்பக்கம் திறந்துகொள்வது ரொம்ப சகஜம். வெட்டும் பாதைக்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைக்கலாம்.

வீடியோ எடுக்கும்போது போனை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். பின்னாலிருந்து எடுப்பதென்றால் லென்ஸ் கைகளுக்கு நேராக, கை உயரத்தில், இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஓர் அடி தள்ளி வைத்தாலே நல்ல பாதையும் கோணலாகத் தெரியும். அந்தப் படத்தில் கோடு கிழித்துப் பாடம் நடத்தினால் மொத்தமும் தப்பு.

ஒரு வகுப்புக்கு ஒரே மாற்றம்தான். கிரிப், முழங்கை, இடுப்பு, தலை என்று நாலைச் சொல்லி அனுப்பினால் அடுத்த வாரம் ஒன்றும் நிற்காது.

லோபாயிண்ட்:
சார், மெஷினைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதை லேசாக விட வேண்டாம். முகமும் பாதையும் இரண்டு மூன்று டிகிரி மாறுவது கண்ணுக்குத் தெரியாது, நல்ல மெஷின் காட்டும். ஆனால் ரேஞ்ச் பந்தில் வரும் தூரத்தை நம்பாதீர்கள். தேய்ந்த பந்து குறைவாகத்தான் போகும். பாதை, முகம், கிளப் இறங்கும் கோணம், இந்த மூன்றையும் அவர் எப்படி விளக்குகிறார் என்பதுதான் முக்கியம். எண்ணை வாசிப்பது பாடம் ஆகாது.

சான்றிதழ் பற்றி: பயிற்றுநர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவது நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா. போட்டிகளில் ஆடும் ப்ரோ (தொழில்முறை ஆட்டக்காரர்) என்பது வேறு தகுதி. நன்றாக ஆடுபவர் தன் உடம்புக்குப் பொருந்தியதையே உங்களுக்கும் சொல்லிவிடும் ஆபத்து உண்டு.

10 வகுப்புக்கு மொத்தமாகக் கட்ட வேண்டாம். முதலில் ஒன்று. பிடித்திருந்தால் இரண்டு வார இடைவெளியில் 3 அல்லது 4. நடுவில் வாரம் மூன்று நாள், நாளுக்கு 50, 60 பந்து, பாதிக்கு மேல் அரை வேகத்தில். வகுப்பு 45 நிமிடமா 60-ஆ, பந்துக் காசு சேர்ந்ததா, மழை வந்தால் என்ன, வீடியோ அனுப்புவாரா என்று முன்பே பேசிவிடுங்கள்.

காலைக்காற்று:
நன்றி. முதல் வகுப்பிலேயே பந்து நேராகப் போனால்தான் நல்ல கோச் என்று வைத்துக்கொள்ளலாமா? பாயில் இடிப்பதற்குத் தனிப் பாடம் வேண்டுமா?

ஏழாம்அயர்ன்:
முழு வேகத்தில் எதிர்பார்க்க வேண்டாம். கிரிப் மாறினால் இரண்டு மூன்று வாரம் கை அந்நியமாகவே இருக்கும். ஆனால் அரை வேகத்தில் ஏதாவது ஒன்று, வளைவோ, மை படும் இடமோ, அன்றே மாற வேண்டும். மாறவில்லை, ஏன் என்றும் அவரால் சொல்ல முடியவில்லை என்றால் இரண்டாவது வகுப்பு தேவையில்லை.

பாயில் இடிப்பது பெரும்பாலும் தனிக் கோளாறு இல்லை. எடை வலது காலிலேயே தங்கினால் கிளப்பின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் விழும். தோள் முந்திக்கொண்டு சுற்றும், பாதையும் வெட்டும். இரண்டுக்கும் ஒரே வேரைத் தேடுகிறாரா என்று கவனியுங்கள். அதுவரை பந்துக்கு 10 செ.மீ. பின்னால் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதைத் தொடாமல் 7 அயர்னில் அரை ஸ்விங் அடித்துப் பழகுங்கள். பாய் உங்களை ஏமாற்றும். இடித்தாலும் கிளப் சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்துவிடும். துண்டு நகர்ந்தால் மறைக்க முடியாது.