எல்ஃபா, மனிதனா? மனதை விட்டுப் போகாத அந்த ஒரு மோதல்

கடைசிக்காவல்:
கூல்களோடு (பிணம் தின்னும் நடைப்பிணங்கள்) மோதியவர்களுக்கு இது உடனே புரியும். டைஸ் உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி), ஐந்தாம் பதிப்பு, இரண்டாம் லெவல், பாழடைந்த கல்லறை. நான் ஹை எல்ஃப் (நீண்ட ஆயுள் கொண்ட கற்பனை இனம்) விசார்ட், அதாவது மந்திரவாதி. மற்ற மூவரும் மனிதர்கள்: திருட்டுக் கலை தெரிந்த ரோக், சண்டைக்கார ஃபைட்டர், காயம் ஆற்றும் மதகுரு கிளெரிக். கூலின் நகம் பட்டால் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ், டிசி 10. டைஸ் உருட்டிக் கூட்டினால் பத்தாவது வர வேண்டும், இல்லையென்றால் உடம்பு விறைத்துவிடும். பத்துதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோக் முதலிலேயே அடிபட்டு விழுந்துவிட்டார். அப்புறம் ஃபைட்டர் கையில் டார்ச்சோடு அப்படியே விறைத்து நின்றார். அடுத்த ரவுண்டில் கிளெரிக். எல்ஃபுக்கு மட்டும் அந்த விறைப்பு கிடையாது, விதியே அப்படி. என்னையும் நகம் கீறியது, ஹிட் பாயின்ட் குறைந்தது, அதோடு சரி.

நான் தயாராக வைத்திருந்தது ஸ்லீப், தூங்க வைக்கும் ஸ்பெல். கூல் மாதிரி அன்டெட் (செத்தும் நடமாடுபவை) மேல் அது வேலைக்கு ஆகாது. மிச்சம் நெருப்பு வீசும் ஃபயர் போல்ட் மட்டும்தான். விறைத்து நிற்பவரைப் பக்கத்திலிருந்து தாக்கினால் பட்ட அடியெல்லாம் கிரிட்டிக்கல், சேதம் பலமாக இருக்கும். ஆளுக்கொரு கூல், என் கையில் ஒரே ஒரு டர்ன். கிளெரிக் பிழைத்தால் மற்றவர்களைத் தேற்ற ஆள் இருக்கும் என்று அந்தப் பக்கம் எரித்தேன். ஏற்கெனவே அடிபட்டிருந்த கூல், விழுந்துவிட்டது. மறுபக்கம் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) டைஸை உருட்டி எண்ணை மட்டும் சொன்னார். ஃபைட்டர் பிழைக்கவில்லை. அவராக ஆடிய நண்பர் கேரக்டர் ஷீட்டை மூடிக்கொண்டே, "உனக்கென்ன, 750 வருஷம் இருப்பே. இவன் முப்பதைக்கூடத் தொடலை" என்றார். மறுபடி அதே நிலை வந்தாலும் கிளெரிக்கைத்தான் காப்பாற்றுவேன். ஆனாலும் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பழைய_பகடை:
எல்ஃபுக்கு எல்லாமே சாதகம் என்று சொல்பவர்கள் 1978-இன் அட்வான்ஸ்டு டி அண்ட் டி ஆடிப் பார்க்க வேண்டும். ஒரே டிராகன் மூச்சில் எங்கள் பார்ட்டியில் இரண்டு பேர் போனார்கள், ஒரு மனித ரேஞ்சரும் என் எல்ஃபும். கிளெரிக்கிடம் செத்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் ஸ்பெல் இருந்தது. ரேஞ்சர் எழுந்து உட்கார்ந்தார். என் முறை வந்ததும் டிஎம் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, யாரையெல்லாம் எழுப்பலாம் என்ற வரியில் விரலை வைத்தார். ட்வார்ஃப், நோம், ஹாஃப்-எல்ஃப், ஹாஃப்லிங், மனிதர். எல்ஃப் அந்தப் பட்டியலிலேயே இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் வாழப் பிறந்தவள் அங்கேயே முடிந்துபோனாள்.

உயிரோடு இருந்திருந்தாலும் ஃபைட்டராக 7-ஆம் லெவல், மேஜிக்-யூசராக 11, அதற்கு மேல் வழியில்லை. திருட்டுத் தொழிலில் மட்டும்தான் எல்ஃபுக்கு வரம்பு கிடையாது. மனிதருக்கு எதிலும் தடை இல்லை. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்துதான் இதையெல்லாம் தூக்கியது. கூல் விறைப்பு படாத வரத்துக்கு அந்தக் காலத்தில் முழு விலை கொடுத்துதான் ஆடினோம். இப்போது வரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கூண்டுக்கு_வெளியே:
லெவல் வரம்பு, சேவ் எல்லாம் இருக்கட்டும். எனக்கு இந்த வித்தியாசம் உறைத்தது எண்களில் இல்லை. டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் வீடியோ கேம், நகரத்து எல்ஃபாக ஆரம்பிக்கும் சிட்டி எல்ஃப் கதை. ஆரம்பம் தெரியும்தானே? கல்யாண நாளில் ஆர்லின் (மனிதப் பிரபு) மகன் ஆட்களோடு ஏலியனேஜுக்குள் (எல்ஃப்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட சேரி) புகுந்து பெண்களை இழுத்துக்கொண்டு போகிறான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து கிரே வார்டன் என்ற வீரர் அணியில் ஒருவராக அதே ஊருக்கு, டெனெரிமுக்குத் திரும்புகிறோம் இல்லையா, அடிமை வியாபாரிகளைத் தேடிப் போகும் இடம். கூண்டுக்குள் நிற்பவர்களில் ஒருவர் என் அப்பா.

அப்புறம் மனிதப் பிரபு வீட்டுப் பெண்ணாக மறுபடி ஆடினேன். அதே குவெஸ்ட், அதே கூண்டு. உள்ளே இருப்பவர்கள் எனக்கு யாரோ. சண்டை போட்டேன், திறந்துவிட்டேன், எக்ஸ்பி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பெண் கடைசியில் அரசியாகக்கூட ஆகலாம். எல்ஃப் பெண்ணுக்கு அந்த வழியே கிடையாது. பழைய_பகடை அண்ணா, நீங்கள் சொல்லும் வரம்பை ஒரு பதிப்பு வந்து நீக்கிவிட்டது. இதை எந்த பேட்ச் நீக்கும்?

மேஜைத்தலைவன்:
கூல் சண்டையை நானும் நடத்தியிருக்கிறேன். என் பார்ட்டியில் எல்ஃபே இல்லை, நால்வரும் விறைத்து நின்றார்கள், ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதனால் கடைசிக்காவலுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

முதலில், இரண்டாம் லெவல் கிளெரிக்கிடம் அன்டெட்டை விரட்டும் டர்ன் அன்டெட் இருக்கும். கூல் கண்ணில் பட்டதுமே அதைத்தான் போட வேண்டும். அடுத்து, ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் ஆறு எபிலிட்டிக்கும் (உடல், மனத் திறன் எண்கள்) +1 வாங்கும் சாதாரண மனிதனை எடுக்கவே எடுக்காதீர்கள். டிஎம் அனுமதித்தால் வேரியன்ட் ஹ்யூமன் எடுங்கள். இரண்டு எபிலிட்டிக்கு +1, ஒரு ஸ்கில், முதல் லெவலிலேயே ஒரு ஃபீட் (சிறப்புத் திறமை). கிளெரிக் அந்த ஃபீட்டில் ரெசிலியன்ட் எடுத்துக் கான்ஸ்டிட்யூஷனைத் தேர்ந்தெடுத்தால் இந்த மாதிரி சேவ் பயம் பாதி போய்விடும், அடிபட்டாலும் ஸ்பெல் கலையாமல் கான்சன்ட்ரேஷனும் நிற்கும். அதைத் திருத்திய 2024 புத்தகத்தில் எல்லா மனிதருக்குமே ஒரிஜின் ஃபீட் உண்டு. லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) முடிந்ததும் ஹீரோயிக் இன்ஸ்பிரேஷனும் கிடைக்கிறது, தோற்ற சேவை மறுபடி உருட்டலாம்.

எல்ஃபின் டார்க்விஷனை (இருட்டிலும் தெரியும் பார்வை) பார்த்து மயங்காதீர்கள். முழு இருட்டு மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். மங்கலில் கண்ணால் தேடினால் பெர்செப்ஷனுக்கு (கவனித்தல்) டிஸ்அட்வான்டேஜ், இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். உருட்டாமலே கணக்கிடும் பாசிவில் 5 குறையும். டார்ச் பிடித்த மனிதன் 20 அடி வரை தெளிவாகப் பார்க்கிறான். இதைப் பல டிஎம்களே மறந்துவிடுகிறார்கள். எல்ஃபின் உண்மையான பலம் ட்ரான்ஸ், தூக்கத்துக்குப் பதிலான தியானம். 4 மணி நேரத்தில் ஓய்வு முடிந்துவிடும், மீதி இரவு காவலுக்கு ஆள் ரெடி. அதைப் பயன்படுத்துங்கள்.

கடைசிக்காவல்:
டர்ன் அன்டெட்டை முந்தைய அறையிலேயே எலும்புக்கூடுகள் மேல் போட்டாகிவிட்டது ப்ரோ. பில்ட் (பாத்திரத்தின் திறன்களை அமைப்பது) எப்படிப் போடுவது என்று நான் கேட்கவில்லை. என் டர்னில் யாரைக் காப்பாற்றினேன் என்பதைத்தான் எழுதினேன்.

நூறுமுகம்:
இதே மாதிரி இன்னொரு டைஸ் ஆட்டமான வார்ஹேமர் ஃபேன்டசி நான்காம் பதிப்பு ஆடுபவர் யாரும் இல்லையா? அங்கே இனத்தையே 1 முதல் 100 வரை டைஸ் போட்டு எடுக்கலாம். 90 வரை விழுந்தால் மனிதர், ஹை எல்ஃப் வேண்டுமென்றால் 99 விழ வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருக்கு அது விழுந்தது. பாலிஸ்டிக் ஸ்கில் (குறிபார்த்து எய்தல்), அஜிலிட்டி (சுறுசுறுப்பு), வில்பவர் (மனவுறுதி) எல்லாம் எங்களைவிடப் பத்து கூடுதல், இனிஷியேட்டிவ் இருபது கூடுதல். எந்தச் சண்டையிலும் அவள்தான் முதலில் அடிப்பாள்.

ஆனால் சாவிலிருந்து தப்பச் செலவழிக்கும் புள்ளியான ஃபேட்? மனிதருக்கு 2. கூடவே ஃபேட்டிலோ ரெசிலியன்ஸிலோ (மன உரத்துக்கான தனிப் புள்ளி) போட்டுக்கொள்ள 3. எல்ஃபுக்கு ஃபேட் பூஜ்யம், போட்டுக்கொள்ள 2 மட்டும். அவள் இரண்டையும் ரெசிலியன்ஸில் போட்டுவிட்டாள். காட்டுப் பாதையில் ஒரு பீஸ்ட்மேனின் (பாதி மிருகம், பாதி மனிதன்) கோடாரி முதலில் என் மேல் இறங்கியது. கிரிட்டிக்கல். ஃபேட் ஒன்றைச் செலவழித்து உயிர் தப்பினேன். அடுத்த கிரிட்டிக்கல் அவளுக்கு. எல்லோரும் அவள் ஷீட்டைத்தான் பார்த்தோம். செலவழிக்க ஒன்றுமில்லை.

பழைய_பகடை சொல்லும் லெவல் வரம்பைவிட இது நியாயமான விலை என்றுதான் நான் சொல்வேன். முதல் நாளே ஷீட்டில் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, வாங்குவதா வேண்டாமா என்று ஆடுபவரே முடிவு செய்யலாம். ஏழாம் லெவலில் கொண்டுபோய் சுவரில் முட்டவிடுவது அப்படி இல்லை.