புதுப்பிப்பு: சூத்தைப்பல்லும் கராம்பெண்ணெயும்

சூத்தைப்பல்லுக்கு நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, வேப்பங்குச்சி பற்றிய முந்தின பதிவுக்குக் கீழே "பல்லுக் குத்துக்குக் கராம்பெண்ணெயை நேரே விடலாமோ?" என்று கேட்டிருந்தீங்கள். விடாதேங்கோ, பல்முரசு வெந்துபோகும். அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஒரு துளி கலந்து, பஞ்சு நுனியில் தொட்டு, ஓட்டைக்குள் மட்டும் சில நிமிடம் வைத்து எடுங்கோ. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கராம்பெண்ணெயிலுள்ள யூஜினோல் என்ற பொருள் பல் நரம்பை மரக்கச் செய்யும், அவ்வளவுதான், ஓட்டை அடைபடாது. குத்து தானாக நின்றாலும் நம்பேலாது, உள்நரம்பு செத்திருக்கலாம். முகம் வீங்கினால் அன்றைக்கே பல் வைத்தியரிடம் போங்கோ.

ஓட்டை விழ முன்னம், பல்லில் வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போதுதான் சூத்தையைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். அதுக்கு 1000–1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைட் உள்ள பற்பசை வேணும். வேப்பங்குச்சி மட்டும் காணாது. இரவில் தீட்டினபிறகு துப்புங்கோ, தண்ணீரால் கொப்பளிக்காதேங்கோ. உமிக்கரி பல்லின் கடின மேற்படையான எனாமலைத் தேய்க்கும். பனங்கட்டியும் பல்லுக்குச் சீனிதான்; தேத்தண்ணியோடு நாள் முழுக்கக் கடிக்கிறதுதான் கூடக் கெடுதல்.