"வலி மாத்திரை அலர்ஜி" என்று சீட்டில் இருந்தால் வலிக்கு எதைக் கொடுப்பது?

கேள்வி:

வணக்கம். புறநோயாளிகள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. நேற்று முழங்கால் வலியோடு ஒரு அம்மா வந்தார், வயது ஐம்பதுக்குப் பக்கம். பழைய சீட்டில் சிவப்பு மையில் "வலி மாத்திரை அலர்ஜி" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது, வேறு ஒரு விவரமும் இல்லை. விசாரித்ததில், சில வருடங்களுக்கு முன் ஐபுப்ரோஃபென் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும் வந்து உதடு வீங்கியிருக்கிறது. அப்புறம் வேறோர் இடத்தில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டபோதும் அதேதான். மூச்சுத் திணறல், மயக்கம் எதுவும் இல்லை. பாராசிட்டமால் 500 மி.கி. ஒத்துக்கொள்கிறது, ஆனால் வலி அடங்கவில்லை என்கிறார்.

பயத்தில் நான் மறுபடி பாராசிட்டமாலையே எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் நொண்டிக்கொண்டே போனதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் மாதிரி மருந்துகளைத் தரலாமா? கூடவே அரிப்பையும் தடிப்பையும் அடக்கும் செட்ரிசின் கொடுத்தால் பாதுகாப்பா? ஊசி குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை உதவுமா?

பதில் 1 (தோல் மருத்துவர்):

தெரியாத ஒன்றைக் கொடுத்து அனுப்பாமல் இருந்தீர்களே, அதுவே சரி. ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள், அந்த அம்மாவுக்கு வழி இருக்கிறது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் வேதியியல் அமைப்பில் வேறு வேறு குடும்பம். இரண்டுக்குமே தடிப்பு வருகிறது என்றால், உடம்பு ஒரு குறிப்பிட்ட மருந்தை அடையாளம் கண்டு எதிர்க்கிறது என்பதைவிட, இந்த மருந்துகள் எல்லாமே செய்யும் வேலைதான் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை, புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கும் காக்ஸ்-1 நொதியைத் தடுப்பது. அதைத் தடுத்தால் சிலருக்குப் புரோஸ்டாகிளாண்டின் குறைந்து, வீக்கத்தைத் தூண்டும் லியூகோட்ரைன் கூடி, ஒவ்வாமைப் பொருட்களை வெளிவிடும் மாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டுத் தடிப்பும் வீக்கமும் வருகின்றன. அதனால் ஆஸ்பிரின், நாப்ராக்சன், கீட்டோரோலாக் எல்லாமே இவருக்கு ஆபத்துதான். ஒரே ஒரு மருந்துக்கு மட்டும் வந்து மற்றவை ஒத்துக்கொண்டிருந்தால் கதை வேறு, அங்கே அந்த மருந்தையும் அதன் நெருங்கிய உறவுகளையும் தவிர்த்தால் போதும்.

தோல் பரிசோதனை இந்த வகையில் உதவாது, ஏனென்றால் அந்தப் பரிசோதனை தேடும் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளே இங்கே பெரும்பாலும் இல்லை. கண்காணிப்பில் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

நீங்கள் கேட்ட எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் போன்ற, காக்ஸ்-1-ஐ அதிகம் தொடாத காக்ஸ்-2 மருந்துகள் இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். எல்லோருக்கும் இல்லை. ஆகவே முதல் மாத்திரையை வீட்டில் போடச் சொல்லாதீர்கள். அவசர மருந்தும் ஆளும் இருக்கும் இடத்தில் வைத்து, ஒரு சிறு பங்கு கொடுத்துக் காத்திருந்து பிறகு மீதியைக் கொடுத்து, சில மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். செட்ரிசினை அன்றைக்குக் கொடுக்கவே கூடாது. அது தடிப்பை மறைத்துவிடும், ஒத்துக்கொண்டது என்று நாம் ஏமாந்துபோவோம். சோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். இதயம், சிறுநீரகம், இரத்த அழுத்தம் மூன்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், அலர்ஜியையே நினைத்துக்கொண்டு அதை மறந்துவிடுகிறோம்.

பாராசிட்டமாலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதுவும் காக்ஸ்-1-ஐ லேசாகத் தடுக்கிறது. 500 ஒத்துக்கொள்பவருக்கு ஒரே வேளையில் 1000 போட்டால் தடிப்பு வரலாம். வலி போகவில்லை என்று அவராகவே இரண்டாகப் போட்டுவிடாமல் சொல்லி வையுங்கள்.

இன்னும் ஒரு கேள்வி அவரிடம் கேட்க வேண்டியது: மாத்திரை எதுவும் போடாத நாட்களிலும் தடிப்பு வருகிறதா? ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி உண்டா?

பதில் 2 (மருந்தாளுநர்):

டாக்டர் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். பலருக்கு மருந்தின் பெயர் தெரியாது, அட்டையின் நிறம்தான் தெரியும். ஒரு பெயரைத் தவிர்ப்பார்கள், அதே மருந்து சளி மாத்திரையிலோ மாதவிடாய் வலி மாத்திரையிலோ வேறு வணிகப் பெயரில் உள்ளே போய்விடும். மருந்தின் வேதிப் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள், கூடவே அதே வகையில் தவிர்க்க வேண்டிய மற்றவற்றையும். தேய்க்கும் ஜெல்லிலும் டைக்ளோஃபெனாக் இருக்கிறது, அதை யாரும் மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை.

பதில் 3:

நான் மருத்துவர் இல்லை, நோயாளி. எனக்கு இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு கருஞ்சிவப்பு வட்டம் வரும், எரியும், ஆறிய பிறகு கருப்பாகத் தங்கிவிடும். சில மாதம் கழித்து மறுபடி அதே இடம். பூச்சிக்கடி, சோப்பு என்று என்னென்னவோ நினைத்தோம். மாதவிடாய் வலிக்கு மெஃபெனமிக் அமிலம் போடும் நாட்களில்தான் வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. வரும்போதெல்லாம் போட்டோ எடுத்துத் தேதியையும் போட்ட மாத்திரையையும் குறித்து வைத்ததுதான் உதவியது. நோயாளிகளிடம் அதைச் செய்யச் சொல்லுங்கள் டாக்டர்.

பதில் 1 (மீண்டும்):

சகோதரி சொல்வது வேறு வகை, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் மருந்துத் தழும்பு. அதில் குற்றவாளி மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் போதும். ஆனால் நாள் கழித்து வரும் எதிர்வினைகளில் மோசமானவையும் உண்டு. காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம், தொட்டாலே வலிக்கும் தோல், இவற்றில் எது இருந்தாலும் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியை நினைத்து உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மருந்து தொடங்கி சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வரும். பைராக்சிகாம் போன்ற ஆக்சிகாம் வகை வலி மருந்துகளில் இந்த ஆபத்து கூடுதல். அப்படி ஒருமுறை வந்தவருக்கு அந்த மருந்தைச் சோதனைக்காகக்கூடத் திரும்பக் கொடுக்கவே கூடாது.

பதில் 4 (மயக்க மருத்துவர்):

சோதனை செய்யும் அறையில், கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசி மருந்தான அட்ரினலினைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தடிப்போடு மூச்சுத் திணறலோ இரத்த அழுத்தச் சரிவோ வந்தால் பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில், தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. முதலில் செட்ரிசின், ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம் என்று நேரத்தை விடாதீர்கள். வலி தாங்கவில்லை என்று கோடீன், மார்ஃபினுக்குப் போவதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். அவை மாஸ்ட் செல்லை நேரடியாகத் தூண்டி அரிப்பைத் தரும். அதைப் பார்த்து இன்னொரு "அலர்ஜி"யைச் சீட்டில் ஏற்றிவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று அந்த அம்மாவைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். மாத்திரை போடாமலே வாரத்தில் இரண்டு மூன்று நாள் தடிப்பு வருகிறதாம், பல மாதமாக. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆஸ்துமா இல்லை.

பதில் 1:

அப்படியென்றால் அடியில் இருப்பது நாட்பட்ட தடிப்பு நோய், வலி மாத்திரை அதைக் கிளறிவிடுகிறது. முதலில் தினசரி செட்ரிசின் வகை மருந்தால் அதை அடக்குங்கள். இவருக்கு அதை நிறுத்தினால் தானாகவே தடிப்பு வந்து சோதனை குழம்பிவிடும், அதனால் நான் முன்பு சொன்னது இவருக்குப் பொருந்தாது, செட்ரிசின் வகை மாத்திரையைத் தொடர்ந்தபடியேதான் காக்ஸ்-2 மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை நிபுணர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். அதுவரை முழங்காலுக்குத் தொடைத் தசைப் பயிற்சியும், தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் இருக்கின்றன.

கேள்வி கேட்டவர்:

சரி, திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன். சீட்டில் இருந்த அந்த ஒரு வரிக்குக் கீழே மருந்துகளின் பெயர், எவ்வளவு நேரத்தில் வந்தது, என்ன வந்தது, எது ஒத்துக்கொள்கிறது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.