பெரிய வீடு குழு: நிலனுக்கு ஜலதோஷம்

லதா அண்ணி, காலை 6:48
ராத்திரி பூரா நிலன் தூங்கல. மூக்கு அடைச்சு வாயாலயே மூச்சு விட்டான். இன்னிக்கு மூணாவது நாள். காய்ச்சல் இல்ல.

கலா அத்தை, 6:55
போன தடவை வாங்கின ஆன்டிபயாடிக், அந்த அசித்ரோமைசின் சிரப் மிச்சம் இருக்குன்னியே, அதைக் குடு லதா. ரெண்டு நாள்ல நின்னுடும்.

மீனா, 6:57
அண்ணி வேணாம்! பஸ் ஏறினதும் எழுதறேன்.

செந்தில் மாமா, 7:05
ஏம்மா? போன தடவை அதுலதானே சரியாச்சு?

மீனா, 7:24
மாமா, ஜலதோஷம் மருந்து குடுத்தாலும் குடுக்காட்டியும் ஒரு வாரம் பத்து நாள்ல தானா அடங்கும். அடங்குற நேரத்துல சிரப் குடிச்சிருப்பான், அவ்வளவுதான்.

இது பெரும்பாலும் ரைனோவைரஸா இருக்கும். அதுல மட்டும் 160 வகைக்கு மேல. மூக்குக்குள்ள இருக்கிற செல் மேல ஐகேம்-1னு ஒரு புரதம் இருக்கு. நம்ம வெள்ளணு வந்து பிடிச்சுக்கிறதுக்காக உடம்பு வச்ச பிடி அது. பெரும்பாலான வகைங்க அதையே பிடிச்சுக்கிட்டு உள்ள போயிடும். போனதும் தன்னோட ஆர்என்ஏ இழையை, அதாவது தன்னைச் செய்யற குறிப்பை, அவுத்து விடும். மொத்தம் 7,200 எழுத்து சொச்சம்தான். நம்ம செல்லுல புரதம் செய்யற ரைபோசோம் அதையும் படிச்சு ஒரே நீளப் புரதமா செஞ்சு குடுத்துடும். வைரஸோட நொதியே அதைத் துண்டு துண்டா வெட்டும். அதுல ஒரு துண்டு ஆர்என்ஏவை நகலெடுக்கும், சில துண்டு சேர்ந்து மேல் ஓடாகும். காலையில நுழைஞ்சா சாயங்காலத்துக்குள்ள புதுசு வெளிய வந்துடும்.

கலா அத்தை, 7:31
அதான் கண்ணு, அதைக் கொல்ல மருந்து வேணாமா?

மீனா, 7:36
அத்தை, அசித்ரோமைசின் போய் அடைக்கிறது பாக்டீரியாவோட ரைபோசோமை. வைரஸுக்குச் சொந்தமா ரைபோசோமே கிடையாது, நம்மளோடதுலதான் வேலை வாங்குது. நம்மளோடது வேற மாதிரி, மருந்து அதுல ஒட்டாது. அப்ப அந்த சிரப் நிலன் வயித்துல இருக்கிற நல்ல பாக்டீரியாவைத்தான் அடிக்கும். தண்ணி கலந்த சிரப்பை இத்தனை நாள் வச்சிருக்கவும் கூடாது.

செந்தில் மாமா, 7:40
பனியில நிக்காதே சளி பிடிக்கும்னு அம்மா சொல்வாங்களே, அது?

மீனா, 7:49
அதுல விஷயம் இருக்கு மாமா. உடம்பு 37 டிகிரின்னா மூக்குக்குள்ள 33தான் இருக்கும். 1960ல இங்கிலாந்து சாலிஸ்பரியில டேவிட் டிரல் குழு, சூட்டை 33க்கு இறக்கின பிறகுதான் இந்த வைரஸை லேப்ல நல்லா வளர்க்க முடிஞ்சுது. 2015ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில எல்லன் ஃபாக்ஸ்மன், அகிகோ இவாசாகி எலியோட சுவாசக்குழாய் செல்லை வச்சுப் பார்த்தாங்க. குளிர்ச்சியில அந்த செல்லோட தற்காப்பே மந்தமாகுது. ஆனா வைரஸ் வராம வெறும் பனி சளி தராது.

மைக்ரோஸ்கோப்ல மூக்கு செல்லைப் பார்த்திருக்கேன். மேல பொடி முடிங்க, காத்துல நெல்லு சாயற மாதிரி எல்லாம் ஒரே பக்கமா அசைஞ்சு சளியைத் தள்ளும். மூக்கு ஒழுகறது பெரும்பாலும் நம்ம உடம்பு போராடறதுதான்.

லதா அண்ணி, 7:55
அப்ப நான் என்ன செய்யட்டும் மீனா?

மீனா, 7:58
மெடிக்கல்ல உப்புத்தண்ணி சொட்டு மருந்து கேளுங்க. நிறைய குடிக்கக் குடுங்க. ஆவி வேணாம், கொதிதண்ணி கொட்டிடும். மூச்சு வேகமா வாங்கினாலோ, விலா நடுவுல தோல் உள்ள இழுத்தாலோ, குடிக்க மாட்டேன்னாலோ உடனே டாக்டர்கிட்ட போங்க.

கலா அத்தை, 8:03
சிரப்பைத் தூக்கிப் போட்டுடு லதா. மத்தியானம் மிளகு ரசம் கொண்டு வரேன், உறைப்பு கம்மியா.

லதா அண்ணி, 9:20
ரெண்டு பக்கமும் சொட்டு விட்டேன். ஒரு பாடு அழுதான், கட்டியா வந்துச்சு. இப்ப என் தோள்ல வாயை மூடிக்கிட்டு தூங்கறான்.