அம்மாவுக்கு ராத்திரி வேர்வை

பெரியப்பா, 6:41: அம்மாவுக்கு மூணு வாரமா நடுராத்திரி வேர்த்துக் கொட்டுது. தலகாணி உறையே நனையுது. தொட்டா சில நாள் சுடுது, சில நாள் ஜில்லுன்னு இருக்கு. ஏர்கான் 25லதான் ஓடுது.

அண்ணி, 6:44: அப்ப ரூம் காரணமில்ல மாமா. பாட்டியோட மாத்திரை பாக்கெட்டெல்லாம் படம் எடுத்துப் போடுங்க.

பெரியப்பா, 6:50: 📷 சர்க்கரைக்கு கிளிபிசைட், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி. மூட்டுவலிக்கு படுக்கும்போது ரெண்டு பெனடால் (பாராசிட்டமால்). சாப்பாடுதான் இப்ப ரெண்டு பிஸ்கட்டோட சரி.

அண்ணி, 6:55: அங்கதான் எனக்குச் சந்தேகம். கிளிபிசைட் கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கும், வயித்துல சோறு இருந்தாலும் இல்லாட்டியும். சர்க்கரை ரொம்ப இறங்கினா உடம்பு அட்ரினலினை விடும். ஜில்லுன்னு வேர்க்கிறது, படபடப்பு, கெட்ட கனவு எல்லாம் அதனாலதான். மெட்ஃபார்மின்னு இன்னொரு சர்க்கரை மாத்திரை மட்டும்னா இவ்வளவு யோசிக்க மாட்டேன்.

வேர்க்கும்போதே எழுப்பி விரல் குத்திப் பாருங்க. சர்க்கரை 4.0 mmol/Lக்குக் (72 mg/dL) கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரை, அரை கிளாஸ் தண்ணில. 15 நிமிஷத்துல மறுபடி குத்துங்க. ஏறலன்னா அதே அளவு திரும்ப. ஏறினப்புறம் ஒரு துண்டு ரொட்டி. மைலோ வேணாம், பால் கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதமாக்கும். எழுப்பியும் முழிக்கலன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, 995க்கு அடிச்சு ஆம்புலன்ஸ்தான்.

தம்பி, 6:57: குத்துறதுக்கு முன்னாடி கை கழுவணும் பெரியப்பா. விரல்ல பழச்சாறு ஒட்டியிருந்தா கூடுதலா காட்டும்.

சித்தப்பா, 7:03: சுடுற ராத்திரிக்கு வேற கணக்கு அண்ணே. பெனடால் காய்ச்சலை மறைச்சிடும். இறங்கும்போது வேர்க்கும், நாலஞ்சு மணி நேரத்துல மாத்திரையோட வேகம் தணிஞ்சதும் குளிர் எடுத்துத் திரும்ப ஏறும். அதனால மாத்திரைக்கு முன்னாடி அளங்க. வாய்ல வைச்சா, காப்பி குடிச்சு அரை மணி நேரம் போகட்டும். அக்குள்ல அரை டிகிரி குறைச்சுத்தான் காட்டும். தினமும் ஒரே இடத்துல வைங்க. சாயங்காலம் கொஞ்சம் கூடுறது எல்லாருக்கும் உள்ளது. 38ஐத் தொட்டா காய்ச்சல்தான், வயசானவங்களுக்கு அதுக்குக் கொஞ்சம் கீழ இருந்தாலும் காய்ச்சலா இருக்கலாம்.

அம்மா இளைச்சிருக்காங்களா? இருமல்?

பெரியப்பா, 7:06: இருமல் இருக்கு. பாவாடை லூசாயிடுச்சு.

சித்தப்பா, 7:11: அப்ப நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம் கேளுங்க. சின்ன வயசுல உள்ள போய் அடங்கிக் கிடந்த காசநோய் முதுமையில முழிச்சுக்கும், சர்க்கரை இருந்தா இன்னும் சுலபமா. கழுத்து, அக்குள், கவட்டைல வலியில்லாத கட்டி இருக்கான்னு தடவிப் பாருங்க, நிணநீர்ப் புற்றுநோய்லயும் இப்படி வேர்க்கும். தைராய்டுக்கும் ரத்தம் எடுக்கட்டும்.

பெரியப்பா, 7:13: இன்னிக்கு ராத்திரி கிளிபிசைட் குடுக்கவா?

அண்ணி, 7:14: சோறு சாப்பிட்டாத்தான். சாப்பிடலன்னா இந்த வேளை வேணாம், நாளைக்கு டாக்டர்கிட்ட அதையும் சொல்லுங்க. பொலிகிளினிக்குக்கு (அரசாங்க மருந்தகம்) ஹெல்த்ஹப் ஆப்ல இப்பவே இடம் பாக்குறேன். நீங்க நோட்டுல மணி, டிகிரி, சர்க்கரை, மாத்திரை நேரம் நாலும் எழுதிக் கொண்டு வாங்க மாமா.